பூவாடைக்காரியின் நாடித்துடிப்பு

ஆவி, பேய், சாமி வருவது, குறி சொல்வது, இதில் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். இளவட்ட வயதில் பூந்தமல்லியைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் நாலைந்து நண்பர்களோடு சைக்கிளில் போய், நாக்கில் கற்பூரம் ஏற்றிக் காட்டி, "இது மந்திரம் இல்லை, நாக்கில் எச்சில் இருக்கிறது, அவ்வளவுதான்" என்று பிள்ளைகளுக்கு விளக்கியவன் நான். ஒரு தடவை பேச்சு சுவாரசியத்தில் எச்சில் வற்றிப்போய், நாக்கைச் சுட்டுக்கொண்டு, மூன்று நாள் மோர்சாதத்தில் காலம் தள்ளியதையும் மறைக்கக் கூடாது.

பிழைப்புக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. தொழிற்சாலைகளிலிருந்து வரும் தெர்மாமீட்டர், பிரஷர் மீட்டர், தராசு எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் தரும் ஒரு சின்ன லேப். இருபத்தெட்டு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். இதுவரை ஒரு பொய்யான சான்றிதழில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

போன வருடம் மகளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீடு ஐயப்பன்தாங்கல். பையனும் பெண்ணும் நாலு முறை வெளியே சந்தித்துப் பேசி, பிடித்துத்தான் தலையாட்டினார்கள். இனி என்ன, தேதி குறிக்கலாம் என்று நான் காலண்டரை ஆணியிலிருந்து எடுத்தேன். மகள் அதை வாங்கி மறுபடி மாட்டிவிட்டாள்.

"அம்மாகிட்ட கேக்காம தேதி வெக்காதப்பா."

என் மனைவி இறந்து அப்போது ஆறு வருடமாகியிருந்தது.

கேட்பது என்றால் படத்துக்கு முன்னால் நின்று மனசுக்குள் கேட்பது இல்லை. எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்று ஒரு வழக்கம் உண்டு. பூவும் பொட்டுமாக இறந்துபோன பெண் அந்த வீட்டுக்கே சாமியாகிவிடுவாள். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் புடவை அவளுக்குத்தான். பம்பையும் உடுக்கையும் அடிப்பவரை அழைத்து, தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்து அவளைக் கலசத்தில் கூப்பிட்டு வந்து, வீட்டில் வைத்துப் பாடினால், சொந்தத்தில் யார்மேலாவது வந்து பேசுவாள். சரி என்பாள், அல்லது குறை சொல்லி அழுவாள். அவள் சரி என்ற பிறகுதான் பந்தக்கால்.

என் மகள் ஒன்றும் படிக்காதவள் இல்லை. ஒரு மருந்துக் கம்பெனியில் கையுறை மாட்டிக்கொண்டு கிருமிகளை எண்ணுகிற வேலை. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். கொஞ்சம் நக்கலாகத்தான் காட்டினேன்.

"உனக்கு வேணாம்னா நீ வெளிய நின்னுக்கோப்பா," என்றாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அம்மாவுக்கு எம்மேல கோவமா இல்லையான்னு."

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். எழுதுவதற்கே கை கூசுகிறது.

என் மனைவிக்கு நாலு நாளாகக் காய்ச்சல். தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்து, குறையாவிட்டால் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றிருந்தார். நான் சும்மா இருப்பேனா? எங்கள் லேபில் சரிபார்த்த தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அளந்து, நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்தேன். ஐந்தாம் நாள் காலை தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. காய்ச்சல் விட்டுவிட்டது. அன்று மகளுக்குக் கல்லூரியில் பரீட்சை. "இன்னிக்கு இரேன்டி, ஒரு மாதிரியா கீது," என்று என் மனைவி அவளைக் கேட்டாள். மகள் என் முகத்தைப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை, நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். போனாள்.

மகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் நடந்தது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். மகள் போன அரை மணி நேரத்தில், வயிறு வலிக்கிறது, கை கால் சில்லிட்டுப் போகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் என் மனைவி. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கேட்டாள். அன்று எங்கள் லேபில் ஆடிட். நான் மறுபடி தெர்மாமீட்டரை வைத்து எடுத்து, அவள் கண்ணுக்கு முன்னால் நீட்டி, "இத பாரு, நார்மல். மனசுலதான் உனக்குக் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மதியம் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று மாலையில் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். தெர்மாமீட்டர் சரியாகத்தான் காட்டியது. மறுநாள் விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

அம்மா கேட்டும் இருக்காமல் போய்விட்டோமே என்று மகள் நினைத்துக்கொண்டாள். உன் தப்பு இல்லை என்று நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது என் மனைவியைக் கூப்பிட்டுப் பேச வைக்கப் போகிறார்களாம், அதுவும் பத்துப் பேர் முன்னால். நம்பாதவனுக்கு எதற்குப் பயம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் அந்த ஆராய்ச்சிப் பெண் எங்கள் லேபுக்கு வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கல்லூரி ஒன்றில் உளவியலில் ஆய்வு செய்கிறாளாம். கைப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். அதில் மணிக்கட்டில் கட்டுகிற மாதிரி இரண்டு பட்டைகள். நாடித்துடிப்பையும் தோலின் வியர்வையையும் அளந்து கையிலுள்ள டேப்லெட்டுக்கு அனுப்புமாம். சரியாக அளக்கிறது என்று சான்றிதழ் இருந்தால்தான் கட்டுரையை ஏற்றுக்கொள்வார்கள் என்றாள்.

"யாருக்கும்மா கட்டப் போறீங்க?"

"சாமி வர்றவங்களுக்கு சார்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"வர்றது சாமியா இல்லையாங்கறது என் கேள்வி இல்ல சார். அவங்களுக்குள்ள ஏதோ ஒண்ணு நடக்குது. அது என்னன்னு பார்க்கணும். கேலி பண்றதுக்காகவும் இல்ல, கும்புடறதுக்காகவும் இல்ல."

"நடிக்கறாங்களா இல்லையான்னு இது காட்டிக் குடுத்துடுமா?"

"நடிக்கறவங்களுக்கும் துடிப்பு ஏறும் சார். அவ்ளோ சுலபமா சொல்ல முடியாது."

என் காதில் அந்தப் பதில் விழவே இல்லை. காட்டிக்கொடுத்துவிடும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்த மாதம் எங்கள் வீட்டிலேயே ஒன்று நடக்கப் போகிறது, வாருங்கள் என்று வலிய அழைத்தேன். அறிவியலுக்குத் தொண்டு செய்கிறவன் மாதிரிதான் பேசினேன். உண்மையில், அங்கே வந்து யார் என்ன பேசினாலும் "இதெல்லாம் உடம்பின் கோளாறு" என்று காட்ட எனக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அந்தப் பெண் சந்தோஷப்பட்டு ஒரு படிவத்தையும் கொடுத்தாள். இறந்தவர்களோடு பேச முடியும் என்று நம்புகிறீர்களா என்று கேள்வி, பக்கத்தில் ஐந்து கட்டங்கள். கடைசிக் கட்டம், 'சுத்தமாக நம்பவில்லை'. அதில் நான் போட்ட டிக்கில் காகிதம் கிழிந்துவிட்டது.

"இவ்ளோ அழுத்திப் போடறவங்க கம்மி சார்," என்றாள்.

அடுத்தது என் மச்சினியிடம் சம்மதம் வாங்க வேண்டும். என் மனைவியின் தங்கை. பூந்தமல்லியில் இருக்கிறாள், எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல். குடும்பத்தில் யாருக்குக் கல்யாணமானாலும் சாமி அவள்மேல்தான் வரும். பட்டை விஷயத்தைச் சொன்னதும் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"கட்டிக்கறேன் மாமா, அதுல இன்னா கீது? அக்காவுக்குக் கைல எதுனா போட்டுக்கினே இருக்கணும். அதுக்குப் புடிக்கும்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பொண்ணு மேல கோவம் இல்லைன்னு மட்டும் சொல்லிடு. வேற எதுவும் வேணாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நானா மாமா பேசறேன்? நீங்கதான் படிச்சவரு, சொல்லுங்க. எனக்கு அங்க இன்னா நடக்குதுன்னே தெரியாது. கண்ணு முழிச்சா தொண்ட கட்டிக்கினு கீது, ஒடம்பெல்லாம் நோவுது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

அவள் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்கிறவளின் முகமாக அது இல்லை. நான் அவசரமாகக் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

முன்பெல்லாம் இதை ராத்திரியில்தான் செய்வார்கள். இப்போது பம்பைச் சத்தம் கேட்டால் குடியிருப்புக்காரர்கள் போலீசுக்குப் போன் போடுகிறார்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொண்டோம். அடுத்த சிக்கல் தண்ணீர். எங்கள் குடும்பம் வழக்கமாகக் கலசம் எடுக்கிற கிணறு பாரிவாக்கத்தில் எங்கள் பழைய நிலத்தில் இருந்தது. நிலம் கைமாறி இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது. நல்ல காலம், மழைநீர் சேகரிக்க உதவும் என்று கிணற்றைத் தூர்க்காமல் வலை போட்டு மூடி, சுற்றிலும் புல் வளர்த்து வைத்திருக்கிறார்கள்.

வாசலில் வாட்ச்மேன் நோட்டோடு நின்றார். பம்பைக்காரர், அவரோடு உடுக்கை அடிக்கிற அவர் தம்பி, மஞ்சள் புடவையில் மச்சினி, மகள், டேப்லெட்டோடு ஆராய்ச்சிப் பெண், நான். ஆறு பேர்.

"எந்த ஃபிளாட்டு?"

"கிணத்துக்குங்க," என்றேன்.

"யாரப் பாக்கணும்?"

"எங்க அக்காவ," என்றாள் மச்சினி.

அவர் கலசத்தைப் பார்த்தார், பம்பையைப் பார்த்தார். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரராம், அவர் ஊரிலும் உண்டாம். செகரட்டரி நடைப்பயிற்சி முடித்துத் திரும்புவதற்குள் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று அவரே வலையின் பூட்டைத் திறந்துவிட்டார். வாளியை இறக்கித் தண்ணீர் எடுத்து, கலசத்துக்குப் பூச்சுற்றி, வேப்பிலை செருகி, மச்சினியின் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினோம். வாட்ச்மேன் ஒவ்வொருவராக எண்ணி நோட்டில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே போனது ஆறு, வெளியே வந்தது ஏழு என்று எழுதியிருந்தார். எங்கள் லேபாக இருந்தால் அந்த நோட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

வீட்டுக்கூடத்தில் கலசத்தை வைத்ததும் ஆராய்ச்சிப் பெண் மச்சினியின் மணிக்கட்டில் பட்டையைக் கட்டினாள். பம்பைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அறுபது வயதுக்காரர். மற்ற நாட்களில் பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர்.

"இதுல கரண்ட்டு ஓடுதா தாயீ?"

"சின்ன பேட்டரிதாங்க."

"அப்ப சரி. கரண்ட்டுன்னா அவங்களுக்கு ஒத்துக்காது." சொல்லிக்கொண்டே மஞ்சள் தண்ணீரை அள்ளிப் பட்டையின்மேல் தெளித்து, அதன் கண்ணாடி முகத்தில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார். ஆராய்ச்சிப் பெண்ணுக்கு உயிரே போய்விட்டது. தண்ணீர் உள்ளே புகாது, நான்தான் சோதித்தேன் என்று அவளைச் சமாதானப்படுத்தினேன்.

பிறகு அவர் ஒரு தட்டில் ஐந்து வகைப் பூக்களைப் பரப்பி என்னிடம் நீட்டினார். மல்லி, சாமந்தி, ரோஜா, அரளி, கனகாம்பரம். கூடவே ஒரு மஞ்சள் துணி. இதில் ஒன்றை யாருக்கும் தெரியாமல் துணியில் முடிந்து கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வருகிறவள் அது என்ன பூ என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் வந்தது அவள் இல்லை. அனுப்பிவிட்டு, அடுத்த அமாவாசைக்குத்தான் மறுபடி கூப்பிட முடியும்.

"வேற ஏதுனா காத்து கருப்பு வந்து நான்தான்னு உக்காந்துகினா? அதுக்குத்தான் நைனா," என்றார். "யாரு நம்பலையோ அவங்க கைலதான் நான் குடுக்கறது."

ஆராய்ச்சிப் பெண் என் காதருகே வந்து, "சார், இவர் முறைப்படி பரிசோதனையே பண்றாரு!" என்றாள். அவளுக்குக் கண்ணெல்லாம் பளபளத்தது. எனக்கும் அந்தப் பெரியவர்மேல் முதல் முறையாக மரியாதை வந்தது.

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். என் மனைவி ஒரு நாளும் தலையில் வைக்காத பூ கனகாம்பரம். வாசமே இல்லாத பூவை எவள் வைப்பாள் என்பாள். வேண்டுமென்றே அதைத்தான் எடுத்து முடிந்தேன். அவளைத் தெரிந்த யாரும் ஊகித்துச் சொல்லிவிடக் கூடாது.

பம்பை தொடங்கியது. சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பம்பைக்காரர் என் மனைவி பிறந்ததிலிருந்து வாழ்க்கைப்பட்டது, பெற்றது, சமைத்தது என்று ஒவ்வொன்றாகப் பாட்டில் சொல்லிக் கூப்பிட்டார். நான் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பத்து நாலு. தொண்ணூற்றாறு. மச்சினி முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தாள், கொண்டை அவிழ்ந்தது. நூற்று முப்பத்தொன்று. பிறகு திடீரென்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்தாள். ஆடிக் களைத்தவளுக்குத் துடிப்பு இறங்க வேண்டும். அது நூற்று நாற்பத்தெட்டுக்கு ஏறி அங்கேயே நின்றது. கருவி பழுதாகிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். அதைச் சரிபார்த்தவனே நான்தான் என்று அப்புறம்தான் உறைத்தது.

"யாரும்மா வந்துகீறது?"

"நான்தான்."

"பேரச் சொல்லு."

மச்சினி என் மனைவியின் பெயரைச் சொன்னாள்.

"முடிச்சுல இன்னா பூவு?"

மச்சினி என் கையிலிருந்த முடிச்சையே பார்த்தாள்.

"மல்லி."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன். ஒரே வார்த்தை, தப்பு என்று சொன்னால் போதும். பம்பை நின்றுவிடும், யாரும் எதுவும் பேச மாட்டார்கள், நான் மறைத்தது மறைந்தபடியே இருக்கும், பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. அப்போதுதான் மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆறு வயதில் காது குத்தும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாளே, அதே பார்வை.

"சரி," என்றேன்.

"பிரிச்சுக் காட்டு நைனா."

"மல்லிதான். நான்தானே முடிஞ்சேன்," என்று துணியைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். பம்பைக்காரர் கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மறுபடி பம்பையைத் தட்டினார்.

மகள் தவழ்ந்து முன்னால் போனாள்.

"எம்மேல கோவமாம்மா?"

"உம்மேல இன்னாடி கோவம்? நீ கொழந்த."

சுவரோரம் இருந்த பெண்கள் விசும்ப ஆரம்பித்தார்கள். அதோடு முடிந்திருந்தால் நானும் தப்பித்திருப்பேன். மகள் நிறுத்தவில்லை.

"அப்புறம் ஏம்மா நான் வர்ற வரைக்கும் இருக்கல? அன்னிக்கு நான் பரீட்சைக்குப் போகாம இருந்திருந்தா நீ இருந்திருப்பதானே? சொல்லும்மா."

மச்சினி வாயைத் திறந்தாள், மூடினாள். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது. மகள் மறுபடி கேட்டாள். மூன்றாம் முறை கேட்கும்போது தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். பம்பைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் அடிப்பதை நிறுத்திவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான்.

எப்போது மண்டியிட்டேன் என்று எனக்கு நினைவில்லை. மச்சினியின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினேன். மஞ்சளும் குங்குமமும் கலைந்த அந்த முகத்தில் அக்கா தங்கை ஜாடை எப்போதுமே உண்டு.

"நீ ரெண்டு தடவ கேட்ட," என்றேன். "பொண்ணு போனப்புறம், ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு ரெண்டு தடவ கேட்ட. நான்தான் தெர்மாமீட்டரக் காட்டி வாயடைச்சுட்டுப் போயிட்டேன். கைகால் சில்லுன்னு இருந்துச்சு, தொட்டுக்கூடப் பாக்கல. பொண்ணு வீட்ல இருந்திருந்தா அடிச்சுப் பிடிச்சு உன்னக் கூட்டிக்கினு போயிருக்கும். நான்தான் அதையும் பரீட்சைக்கு அனுப்பினேன். எம்மேல கோவப்படு. அவள விட்டுடு."

இறந்தவளிடம் நான் பேசிய முதல் வார்த்தைகள் அவை. ஆறு வருடத்தில் படத்துக்கு முன்னால்கூட ஒரு நாள் பேசியதில்லை.

மச்சினி கலசத்துக்கு முன்னால் இருந்த குங்குமத்தை எடுத்து மகளின் நெற்றியில் வைத்தாள். அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். பம்பைக்காரர் கற்பூரம் ஏற்றினார். மச்சினி அப்படியே சாய்ந்துவிட்டாள். கண் விழித்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்து, கட்டிய தொண்டையோடு, "எதுனா சொல்ட்டனா மாமா?" என்று கேட்டாள். மகள் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்ததும் ஆராய்ச்சிப் பெண்ணை வண்டியில் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த தகரத் தடுப்புகளை ஒட்டி நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பதிவுக்காக ஒண்ணு கேக்கணும் சார். முடிச்சுல மல்லிதானா?"

துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு டேப்லெட்டைத் திறந்தாள்.

"என்னன்னு எழுதட்டும்?"

"உள்ளது உள்ளபடி எழுதும்மா. சொன்னது மல்லி, இருந்தது கனகாம்பரம்."

எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "அப்போ நீங்க யார்கிட்ட சார் பேசினீங்க?" என்றாள். அது அவள் படிவத்தில் இருக்கிற கேள்வி இல்லை.

தெரியவில்லை என்றேன். அவள் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். நான் பேசத் தொடங்கிய இடத்தில் நூற்று நாற்பத்தெட்டு. நான் பேசப் பேச அது இறங்கி, முடிக்கும்போது தொண்ணூறுக்கு வந்திருந்தது.

"பம்பை நின்னதால இருக்கும்," என்றேன்.

"இருக்கலாம் சார். அப்படித்தான் நானும் எழுதுவேன்." திரையைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள், "ஆனா பம்பை நின்னு ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் நீங்க பேசினீங்க. அந்த ஒரு நிமிஷம் இறங்கல."

அவள் பஸ் வந்துவிட்டது.

நான் திரும்பியபோது சொந்தக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். மகள் கூடத்தில் மஞ்சள் தண்ணீர் கறையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

"ஆறு வருஷம்ப்பா. தூங்கும்போது அழுது எழுந்துப்பேன். நீ தண்ணி கொண்டுவந்து குடுப்ப. உன் தப்பு இல்லம்மான்னு சொல்லுவ. யார் தப்புன்னு ஒரு நாளாவது சொன்னியா?"

துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி துடைத்தாள்.

"பாத்துக்கினேதானே இருந்த? இதச் சொல்றதுக்கு அம்மா வரணுமாப்பா உனக்கு?"

"ஆமாம்மா," என்றேன். "அம்மா வந்தாதான் சொல்ல முடிஞ்சுது."

அவள் துணியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். கல்யாணத் தேதியைக் குறிக்கச் சொல்லி மச்சினி மூலமாகத்தான் சொல்லி அனுப்பினாள். பதினோரு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பதினோரு ராத்திரியும் நான் தண்ணீர்ச் சொம்போடு அவள் அறை வாசலில் போய் நின்று பார்த்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.